கைய எடுங்ணா

அந்த அம்மணியை நினைக்கும்போதெல்லாம் நான் என் கையைத்தான் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். சும்மா இருக்கத் தெரியாத கை இது. ஸ்டூல் ஆடினால் காலுக்கு அட்டை மடித்து வைக்கும். வைத்த பிறகு ஸ்டூல் இன்னொரு பக்கம் ஆடும். ஒழுங்காக ஓடுகிற கடிகாரத்தைப் பிரித்துப் பார்க்கும். என் வீட்டுக்காரி இன்றைக்கு வரைக்கும் மிக்ஸியை என் கண்ணில் படாத இடத்தில்தான் வைத்திருக்கிறாள்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூருக்கு வெளியே, அவினாசி ரோட்டோரம் ஒரு நூல் மில்லில் நான் டெஸ்பாட்ச் பார்த்தேன். நூல் மூட்டைகளைச் சரிபார்த்து லாரியில் ஏற்றி அனுப்புகிற வேலை. அதே மில்லில் அவர் டெலிபோன் ஆபரேட்டர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் சிரிப்பார். என்னைவிட நாலைந்து வயது இளையவர் என்பதால் நான் அம்மணி என்பேன். அவருக்கு மில்லில் இருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் "ஏனுங்ணா"தான், முதலாளியையும் மேனேஜரையும் தவிர.

கேட்டை ஒட்டிய சின்ன அறை அவருடையது. ஒரு டெலிபோன் போர்டு, ஒரு நாற்காலி, ஒரு மண்பானை. நாற்காலிக்கு மேலே சுவரில் ஒரு சிவப்புப் பட்டன். அதை அமுக்கினால் மில் கூரை மேலிருக்கிற சைரன் ஊரையே எழுப்பும். சைரன் என்று யாரும் சொல்ல மாட்டோம், சங்குதான். பின்தெருப் பள்ளிக்கூடத்து மணி, பக்கத்துத் தறிக் குடோன், டீக்கடையில் எண்ணெய்ச் சட்டி வைக்கிற நேரம் எல்லாமே அந்தச் சங்கை நம்பித்தான் நடந்தன. வேளாவேளைக்கு அதை அமுக்குவதும் அவர் பொறுப்பு.

இன்னொரு பொறுப்பும் இருந்தது, சம்பளத்தில் சேராதது. மில்லுக்குள் யார் எதைக் கொட்டினாலும், உடைத்தாலும், மாற்றி அனுப்பினாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். மேஸ்திரியிடம் சொன்னால் திட்டு, மேனேஜரிடம் சொன்னால் மெமோ. அம்மணியிடம் சொன்னால் யோசனை.

"மொதல்ல கைய எடுங்ணா" என்பார். எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். "மொதத் தப்புல ஒருத்தரும் கெட்டுப்போனதில்லீங். அதச் சரி பண்றேன்னு போறாங்க பாருங், அதுலதான் குடி முழுகிப்போகுது."

ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஸ்பின்னிங் மேஸ்திரி போன் செய்தார். எண்ணெய் டின் கவிழ்ந்துவிட்டதாம்.

"தண்ணி ஊத்தீராதீங்ணா. என்னுங்? ஊத்தியாச்சா? செரி, அதும் மேல பஞ்சப் போடாதீங். போட்டாச்சுங்களா? அப்ப நீங்களாச்சும் அந்தப் பக்கட்டு நடக்காம..." என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். தடாரென்ற சத்தம் எனக்கே கேட்டது. "உழுந்துட்டாரு" என்றார். அப்புறம் ரிசீவரைக் கிட்டக் கொண்டுபோய், "எந்திரிக்காதீங்ணா, அப்படியே இருங், ஆள் அனுப்பறேன்" என்றார். மேஸ்திரி எழுந்தார். மறுபடியும் தடார்.

ஊருக்கு உபதேசம் என்று நினைக்க வேண்டாம். தனக்கும் அதே சட்டம்தான். ஒருமுறை முதலாளிக்குப் பம்பாயிலிருந்து வந்த போனைக் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டார். பம்பாய்க்காரர் நூல் விலை கேட்க, கேன்டீன் மாஸ்டர் தக்காளி விலை சொல்லிக்கொண்டிருக்கிறார். நானாக இருந்தால் பதறி வயரைப் பிடுங்கியிருப்பேன், பம்பாயே போயிருக்கும். அம்மணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இன்னொரு லைனில் முதலாளியைக் கூப்பிட்டு, "அய்யா, உங்க பம்பாய் போனக் கேன்டீனுக்குக் குடுத்துப்போட்டனுங். மாஸ்டர் பேசீட்டிருக்காருங். நடுவுல புடுங்குனா பார்ட்டி கோவிச்சுக்குவாருங். முடிஞ்சதும் தாரனுங்" என்றார். இப்படிச் சொல்கிற ஆளை எந்த முதலாளி திட்டுவார்?

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாற்பதாம் நம்பர் நூல் பச்சைக் கோனில், அதாவது பச்சை அட்டைக் கூம்பில், சுற்றி வரும், அறுபதாம் நம்பர் ரோஸ் கோனில். கருமத்தம்பட்டித் தறிக்காரர் ஒருவருக்குப் போகவேண்டிய பச்சைக்கு நடுவே ரோஸ் மூட்டையும் சேர்ந்து போய்விட்டது. இரண்டையும் கலந்து ஓட்டினால் துணி கோடு கோடாகக் கெட்டுப்போகும். நான் போட்ட திட்டம், தறிக்காரர் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போகிற நேரத்தில் ஆள் விட்டு மூட்டையைத் திருட்டுத்தனமாக மாற்றுவது. அதற்கு அம்மணியிடம் போய் மில் வேன் எங்கே நிற்கிறது என்று கேட்டேன்.

எதற்கென்று கேட்டார். சொன்னேன். அவர் நம்பரைச் சுழற்றி ரிசீவரை என் காதில் வைத்துவிட்டார். எதிர்ப்பக்கம் தறிக்காரர்! வேறு வழியில்லாமல் உளறினேன். அவரோ, "அட, நல்ல நேரத்துல சொன்னீங்க. இன்னும் பிரிக்கவேயில்லீங்க. வந்து மாத்தீட்டு ஒரு காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

"பாத்தீங்களாங்ணா? நாமளாச் சொன்னா அது சேதி. அவியளாக் கண்டுபுடிச்சா அது களவு."

'நாமளாச் சொன்னா' என்கிற இந்தப் பாடத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எதுவானாலும் உடனே, நாமளாகச் சொல்லிவிட வேண்டும். அதைவிட முக்கியமான 'கைய எடுங்ணா' என் மண்டையில் ஏறவேயில்லை. அன்றைக்கு ஏறியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அந்த வருஷம் ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்கிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஒரு வாளி சந்தனம் கரைத்து, மில்லில் ஒரு சாமான் விடாமல் பொட்டு வைத்தேன். மெஷின், தராசு, புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர், மேனேஜர் மேசை மேலிருந்த பேப்பர்வெயிட் எல்லாவற்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். சுவிட்ச் பேனல் அறைக்குள் போய் ஒவ்வொரு கைப்பிடி மேலும் அப்பினேன். கடைசியாக அம்மணி அறைக்கு வந்து சங்குப் பட்டனுக்கு வைத்தேன். பட்டனே தெரியாத அளவுக்கு.

"ஏனுங்ணா, அது சுச்சு. உங்க நெத்தி இல்லீங்."

"சும்மா இரு அம்மணி. ஊரையே எழுப்பற சாமான், அதுக்கு நல்லா வெக்க வேண்டாமா?"

அவர் சிரித்துவிட்டு, பொரியும் கடலையும் கட்டிய பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் மெதுவாகக் கேட்டார். மறுநாள் விஜயதசமி. பெண் குழந்தையைப் பின்தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். நல்ல நேரம் எட்டு மணியை ஒட்டி வருகிறது. பூசை முடிந்து மில் திறக்கிற நாள் என்பதால் பர்மிஷன் கேட்டால் மேனேஜர் தரமாட்டார். வீட்டுக்காரர் லாரி டிரைவர், வடக்கே லோடு போயிருக்கிறார். மாமியார் படுக்கையில்.

"எட்டு மணிச் சங்க மட்டும் அமுக்கிப்போடுங்ணா. அரை அவுருல ஓடி வந்தர்றேன். வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

பட்டனை அமுக்குவது ஒரு வேலையா? சரி என்றேன்.

மறுநாள் எட்டு மணிக்கு அமுக்கினேன். சங்கு ஊதியது. கையை எடுத்தேன். அது ஊதிக்கொண்டேயிருந்தது. ராத்திரியோடு காய்ந்து கல்லாகிப்போன சந்தனத்தில் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டுவிட்டது, வெளியே வரவில்லை.

அங்கேயே நின்று எலக்ட்ரீசியனுக்கு ஒரு குரல் கொடுத்திருக்கலாம். என் கை விடுமா? பேனாவால் நெம்பினேன், பேனா உடைந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன், பட்டன் உடைந்து உள்ளே விழுந்தது. சங்கு நிற்கவில்லை. பேனல் அறைக்கு ஓடினேன். எந்தக் கைப்பிடி எதற்கென்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டியிருப்பார்கள். அத்தனை எழுத்தின் மேலும் என் சந்தனம். ஏதோ ஒன்றை இழுத்தேன். ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட் மொத்தமும் நின்றது. அப்படி நின்றால் நூலெல்லாம் அறுந்து தொங்கும், மறுபடி கட்டி ஓட்டப் பாதி நாளாகும். இன்னொன்றை இழுத்தேன், ஆபீஸ் இருட்டானது. சங்கு மட்டும் தன்பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

வெளியே ஊர் திரண்டுவிட்டது. மில்லில் தீ என்றார்கள். பாய்லர் வெடிக்கப் போகிறது என்றார்கள். எங்கள் மில்லில் பாய்லரே கிடையாது. லைன் வீட்டுப் பெண்கள் குடத்தில் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். டவுன் பஸ்காரர் மில்லைத் தாண்ட மாட்டேன் என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். யாரோ புண்ணியவான் போன் செய்து தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. அவர்கள் இறங்கி, "தீ எங்கீங்க?" என்று கேட்க, வாட்ச்மேனுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. "தீயெல்லாம் இல்லீங்க. வந்தது வந்தீங்க, உக்காருங்க, பொரி சாப்புடுங்க" என்று பூசைப் பொரியை ஆளுக்கு ஒரு தட்டு கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளை வெளியே விரட்டிவிட்டார்களாம். தாம்பாளத்து அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத ஆரம்பித்திருந்த அம்மணி, அந்த எழுத்தை முடிக்காமல் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் மூன்றாவது கைப்பிடியில் கை வைத்திருந்தேன்.

"கைய எடுங்ணா."

எடுத்தேன். அவருக்குப் பின்னாலேயே வந்த எலக்ட்ரீசியன் சரியானதை இழுத்தார். சங்கு நின்றது. குழந்தை அழுவது அப்போதுதான் கேட்டது.

மேனேஜர் வந்தார். நல்ல மனுஷன்தான், வாயில் பொரிகூட இருந்தது. "சங்குக்கு என்னய்யா ஆச்சு?" என்றார். கேட்டது அவ்வளவுதான். அந்தக் கேள்வியில் அம்மணி இல்லவே இல்லை. நாமளாகச் சொல்கிற ஜோரில் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தனம் வைத்தது நான், பட்டனை உடைத்தது நான், கைப்பிடியை இழுத்தது நான். அத்தோடு வாயை மூடினேனா? "அந்தம்மா சீட்டுல இல்லீங் சார். புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேத்தப் போயிருந்தாங்க. அதனாலதான் நான் அமுக்குனேன்."

அம்மணி தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பச்சரிசி ஒட்டியிருந்தது.

இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. நான் அவர் அறைக்குப் போய் நின்றேன். அவர்தான் பேசினார். "மெமோதானுங்ணா. மன்னிச்சுருங்கன்னு நாலு வரி எழுதிக் குடுத்தாப் பைலுக்குள்ள போயித் தூங்கீரும். நீங்க இனி ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போதும்."

"ஒண்ணும் பண்ணல அம்மணி."

"சத்தியமாங்ணா?"

"சத்தியமா."

அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அரிசி ஒட்டிய விரலே கண்ணில் நின்றது. சாப்பாட்டுத் தூக்கை மூடிவைத்துவிட்டு நேராக மேனேஜரிடம் போனேன். வருகை எழுதுகிற டைம் ஆபீஸ் இன்சார்ஜ் வாய்மொழியாகப் பர்மிஷன் கொடுத்த பிறகுதான் அந்தம்மா போனார் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அம்மணியைக் காப்பாற்றியாயிற்று என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

டைம் ஆபீஸ்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? நான் கொடுக்கவேயில்லை என்றார். அதோடு, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக இந்தம்மா முன்னாலும் சீட்டை விட்டுப் போயிருக்கிறார் என்றும் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் சேர்ந்து மூடிவைத்திருந்த விஷயம் அது. அந்தப் பொய்யை அவர்தான் சொல்லச் சொன்னார் என்று முடிவுகட்டி, அம்மணியைப் பொய் சொன்னவராகவும் ஆக்கிவிட்டார்கள். பொய்யைச் சொன்னவன் நான்.

நான் மேனேஜரிடம் போய்ப் பொய் என்னுடையது என்றேன். "ஏய்யா, உன்ற பேச்ச எத நம்பறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கிருந்து யூனியன் செயலாளரிடம் ஓடினேன். அவருக்கு அப்போது ஒரு பிரச்சினை தேவைப்பட்டது, நான் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். மறுநாள் காலையில் கேட்டில் கொடி, மைக், "தாய்க்கு ஒரு நீதியா" என்று பேனர். அம்மணி வேலைக்கு வரும்போதுதான் பேனரைப் பார்த்தார். "அண்ணா, வேண்டாமுங்ணா, நிறுத்தச் சொல்லுங்ணா" என்று ஒவ்வொருவர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நேரத்தில்தான் முதலாளியின் கார் கேட்டுக்கு வந்தது.

மெமோவாகத் தூங்கியிருக்க வேண்டியது முதலாளியின் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. வெள்ளகோவிலில் இருந்த எங்கள் இன்னொரு யூனிட்டுக்கு அவரை மாற்றினார்கள். பல்லடம், காங்கேயம் என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். விடிவதற்கு முன்னால் கிளம்பினால்தான் முடியும். இங்கே படுத்திருக்கிற மாமியார், 'அ'வைப் பாதியில் விட்ட குழந்தை. கொஞ்ச நாள் போய்ப் பார்த்தார். பிறகு வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என் மெமோ, அவர் சொன்னபடியே, பைலுக்குள் தூங்கியது. எனக்கு இன்கிரிமென்ட் கூட நிற்கவில்லை.

போகிற அன்றைக்கு என்னிடம் வந்து சொல்லிக்கொண்டுதான் போனார். "நீங்க நல்லதுக்குத்தானுங்ணா பண்ணுனீங்." காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்லதுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனதை இத்தனை வருஷமாகியும் என்னால் விழுங்க முடியவில்லை.

மூன்று நான்கு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் பெருந்துறைக்குப் போயிருந்தேன். திரும்ப நேரமாகும் என்று வீட்டுக்குச் சொல்ல பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தால், உள்ளே அம்மணி.

"ஏனுங்ணா! வாங், வாங். நல்லாருக்கீங்களா? அக்கா சௌக்கியமுங்களா?" என்று எழுந்துவிட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். மாமியார் போய்விட்டாராம். வீட்டுக்காரர் இப்போது இங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வண்டி ஓட்டுகிறாராம், அதனால் குடியே இங்கே வந்துவிட்டார்களாம். கீழே தரையில் ஒரு பெண் குழந்தை யூனிபார்மோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

"யாரும்மா இது?" என்று குழந்தை கேட்டது.

"இவருதாங் கண்ணு, சங்கு மாமா."

"சங்கு மாமாவா!" என்று குழந்தை பென்சிலைப் போட்டுவிட்டு என்னை ஆவென்று பார்த்தது. "தீயணைப்பு வண்டிக்காரங்கள வரவெச்சுப் பொரி திங்க வெச்சீங்களே, அந்த மாமாவா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

அந்த வீட்டில் நான் ஒரு வேடிக்கைக் கதையாகியிருந்தேன். பேனரும் வெள்ளகோவிலும் அந்தக் கதையில் இல்லை என்பது குழந்தையின் சிரிப்பிலேயே தெரிந்தது. பொரி வரைக்கும் சொல்லி நிறுத்தியிருக்கிறார். இவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும், இப்போதே செய்தாக வேண்டும் என்று உடம்பெல்லாம் பரபரத்தது.

"அம்மணி, இந்தத் தொழிற்பேட்டையில என்ற மச்சான் ஒரு கம்பெனியில மேனேஜரு. ஆபரேட்டர் வேணும்னு சொன்ன மாதிரி ஞாபகம். இரு, இப்பவே பேசீர்றேன்" என்று மேசை மேலிருந்த ரிசீவரை எடுக்கப் போனேன்.

அவர் ரிசீவர் மேல் தன் கையை வைத்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"கைய எடுங்ணா."

எடுத்தேன்.

"ஊட்டுக்குத்தானுங்களே பேசோணும்? நம்பரைச் சொல்லுங்."

சொன்னேன். பழைய மாதிரியே அவரே நம்பரைப் போட்டு, மணி அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு, ரிசீவரை என் காதருகே நீட்டினார். பிறகு குழந்தை பக்கத்தில் போய்க் குனிந்து நோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது.

"அலோ, யாருங்?" என்றாள் என் வீட்டுக்காரி.

நேரமாகும் என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். "மன்னிச்சுரு அம்மணி" என்று வந்துவிட்டது.

அவள் உடனே கேட்டாள்.

"இப்ப என்னத்த ஒடச்சுப்போட்டீங்?"